தேரடி டு கிண்டி: எட்டு மாத மெட்ரோ கணக்கு

திருவொற்றியூர் தேரடியிலிருந்து கிண்டிக்கு பைக்கை விட்டுவிட்டு மெட்ரோவில் போக ஆரம்பித்து எட்டு மாதம். முதுகுவலிக்காக மாறினேன், ஊரைக் காப்பாற்ற அல்ல.

போக வர 40 கிலோமீட்டர். பாரிமுனை, மவுண்ட் ரோடு சிக்னல்களில் நின்று நின்று போனால் என் பழைய வண்டி லிட்டருக்கு 40 கொடுப்பதே பெரிய விஷயம், ஆக தினம் ஒரு லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு (முக்கால் கிலோ பெட்ரோலுக்கு இவ்வளவா என்று நானும் முழித்தேன், எரியும்போது காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்கிறதாம்). மாதம் 24 வேலைநாளைக்கு 55 கிலோ, செலவு கிட்டத்தட்ட 2,400 ரூபாய். மெட்ரோவில் ஒரு வழிக்கு 50 ரூபாய் டிக்கெட், கார்டுத் தள்ளுபடி போக 40, மாதம் 1,920. பைக்காரனுக்குப் பணத்தில் பெரிய லாபமில்லை; காரில் தனியாளாகப் போகிறவருக்குத்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

எனக்குப் பிடித்தது மெட்ரோ ரயிலின் பிரேக். வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தை மேல்கம்பிக்குத் திருப்பிவிடுகிறது, அதைப் பக்கத்தில் கிளம்பும் இன்னொரு ரயில் எடுத்துக்கொள்கிறது. கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிற்கிற வண்டிக்கு இது சின்ன மிச்சமில்லை. பைக்கில் அந்தச் சக்தியெல்லாம் பிரேக் சூட்டோடு போச்சு.

சரி, புகையே இல்லையா? இருக்கிறது, எங்கள் ஊருக்கு வடக்கே அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் இருக்கிறது. கிரிட் (பொது மின்கட்டமைப்பு) மின்சாரத்தில் நிலக்கரியின் பங்குதான் அதிகம், யூனிட்டுக்கு ஏறக்குறைய 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு. மவுண்ட் ரோட்டில் குறைந்த புகையில் ஒரு பங்கு வடசென்னைக்காரன் மூக்குக்குத்தான் வருகிறது, இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள். காற்றாலை சீசனில் கொஞ்சம் தேவலை.

அப்புறம் கூட்டம். காலை 9 மணி நெரிசலைத் திட்டிக்கொண்டே நிற்கிறோம், ஆனால் தலைக்கு மின்சாரம் குறைவாக விழுவது அப்போதுதான். மதியம் பெட்டிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்து போகும்போதும் சுரங்க நிலையத்தின் விளக்கு, ஏசி, காற்றோட்ட விசிறி எதுவும் நிற்பதில்லை.

கிண்டியில் இறங்கி ஆபீசுக்கு 2 கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ அண்ணன் ஆள் நிறையும்வரை என்ஜினை அணைக்கவே மாட்டார், "ஏறு சார், ரெண்டே பேர்தான்" என்று பத்து நிமிடம். மொத்தத்தில் இந்த மெட்ரோ பயணத்துக்கு ஐந்துக்கு நான்கு ஸ்டார் தருகிறேன். குறைந்த ஒன்று அந்த 2 கிலோமீட்டருக்கு.