வீட்டுக்கே வந்து பிசியோதெரபி என்று 18,000 ரூபாய் வாங்கினார்கள், அப்பா மறுபடி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்

கோபத்தில்தான் எழுதுகிறேன், முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று சாயங்காலம்தான் "ரீஃபண்ட் பாலிசியில இல்ல மேடம்" என்று சொல்லி போனை வைத்தார்கள். 18,000 ரூபாய்.

அப்பாவுக்கு 68 வயது, ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு இடுப்புக்குக் கிட்டே முறிந்து, இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்து இது ஏழாவது வாரம். விழுவதற்கு முந்தின நாள் வரை விடியற்காலையில் கோயிலைச் சுற்றியுள்ள உத்தர வீதியை இரண்டு சுற்று நடந்துவிட்டு வந்துதான் காபி குடிப்பார். மயக்கம் தெளிந்ததும் "மறுபடி எப்ப நடக்கலாம்?" என்றுதான் கேட்டார். டாக்டர் தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினார்: பின்பக்கமாகத் திறந்து செய்திருக்கிறோம், அங்கே வெட்டித் தைத்த தசைகள் ஒட்டிச் சேர வேண்டும், அதுவரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, காலை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது, தரையில் உட்காரவே கூடாது, 12 வாரம். மீறினால் புது மூட்டின் பந்து கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம் என்றார். கட்டிலை உயர்த்தினோம், கமோடு மேல் வைக்கும் உயர சீட் வாங்கினோம், தூங்கும்போது இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்தோம். ஒன்றையும் விடவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கூட்டிப்போவது அப்பாவுக்கு வலி. அதனால்தான் வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஆப்பில் பதிவு செய்தேன். முதலில் வந்த பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்கி முழுக்கப் படித்தாள், கால் எவ்வளவு தூரம் மடங்குகிறது என்று கோணம் அளந்து எழுதிக்கொண்டாள், கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, தொடையை இறுக்கி விடுவது, படுத்தபடி குதிகாலை மெல்ல இழுப்பது எல்லாம் பக்கத்தில் நின்று செய்யவைத்தாள். அப்பா ஒரு மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சிரித்தார். அவள் இருக்கும்போதே மேனேஜர் என்று ஒருவர் போனில் வந்தார். "மூணு மாசத்துல அப்பா உத்தர வீதி சுத்துவாரு மேடம், அதுக்கு நான் கேரண்டி. தனித்தனியா கட்டுனா ஒரு தடவைக்கு 1,100, இருபது தடவைக்கு மொத்தமா கட்டுனா 18,000, உங்களுக்கு 4,000 மிச்சம்" என்றார். "ஏம்மா, இவ்வளவா?" என்று அப்பா தயங்கினார். "நீங்க நடந்தா போதும்ப்பா" என்று சொல்லி அந்த நிமிஷமே ஜிபே செய்தேன். அந்தப் பெண்ணே இருபது நாளும் வருவாள் என்றுதான் நினைத்தேன். அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மூன்று தடவை வந்தாள். நான்காவது தடவை வேறு பையன், "அக்கா, அவங்க லீவு" என்றான். அப்புறம் அவள் வரவே இல்லை. இவன் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்க்கவே இல்லை. அப்பா வலது கையில் பிடித்திருந்த தடியை வாங்கி இடது கைக்கு மாற்றினான், வலிக்கிற பக்கம்தானே தாங்கல் வேண்டும் என்றான். ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்க் கையில்தான் தடி இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஏழாவது தடவை, ஐந்தாவது வாரம், பாயை விரித்து அப்பாவைத் தரையில் உட்காரச் சொல்லியிருக்கிறான். நான் சமையலறையில் இருந்தேன். டாக்டர் வேண்டாம் என்றாரே என்று அப்பா சொன்னதற்கு, "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க ஐயா, உட்கார்ந்து எழுந்தாத்தான் இளகும்" என்று சொல்லி முழங்காலைப் பிடித்து நெஞ்சுப் பக்கம் அழுத்தியிருக்கிறான். அப்பா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு மாமி ஓடி வந்தார். நல்லவேளை, எக்ஸ்ரேயில் பந்து இருந்த இடத்தில் இருந்தது. தசைப்பிடிப்பும் வீக்கமும்தான், ஆனால் தடியை விட்டுவிட்டு மறுபடி வாக்கர், இரண்டு வாரம் புதிதாக எதுவும் கூடாது என்றார் டாக்டர். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இவர்கள் அலைக்கழித்தது இருக்கிறதே! முதல் நாள் "மேலிடத்துக்கு அனுப்பிட்டோம் மேடம்". மூன்றாம் நாள் "மேனேஜர் மீட்டிங்ல இருக்காரு". அப்புறம் ஏழு வேலை நாள். கேரண்டி கொடுத்த அதே மேனேஜர் வாட்ஸ்அப்பில் நீலக் குறி விழுந்தும் பதில் போடவில்லை. அந்தப் பையன் பிபிடி, அதாவது பிசியோதெரபி பட்டப்படிப்பு, படித்தவனா, சான்றிதழை அனுப்புங்கள் என்று நான்கு தடவை கேட்டேன், இன்றுவரை வரவில்லை. ஒருத்தி "அப்பா சரியா ஒத்துழைக்கலைன்னு ரிப்போர்ட்ல இருக்கு" என்றாள், அதைக் கேட்டு எனக்குக் கை நடுங்கியது. மீதி 13 தடவைக்கு 11,700 ரூபாயாவது கொடுங்கள் என்றால் ஆப்பிலேயே பாயிண்டாகப் போடுகிறார்களாம், முதுகு மசாஜுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். இடுப்பு மாற்றிய மனிதருக்கு மசாஜ்! நான் கொடுத்தது பாயிண்ட் இல்லை, 18,000 ரூபாய்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் வந்து போன பிறகு கொடுங்கள். முதல் ஆளின் சான்றிதழை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், ஆள் மாறினால் மறுபடி கேளுங்கள். கூடவே நில்லுங்கள், என்னைப்போல் சமையலறைக்குப் போகாதீர்கள். டாக்டர் கூடாது என்றதை யார் செய்யச் சொன்னாலும் டாக்டருக்கே போன் செய்து கேளுங்கள். திடீரென்று தாங்க முடியாத வலி வந்து கால் குட்டையானது போலவோ உள்பக்கம் திரும்பியோ இருந்தால் நிற்க வைக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, எக்ஸ்ரே எல்லாம் தெருமுனைக் கடையில் பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன், சாயங்காலம் போய் வாங்க வேண்டும்.