நேசல் பில்லோ மாஸ்க்: கட்டிலில் இரண்டு பேருக்கும் ஒத்துவருமா?

தூக்கத்தில் மூச்சு தடைபடுகிற ஸ்லீப் ஆப்னியாவுக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்திச் செலுத்துகிற சிபாப் மெஷின் வந்த வீட்டில் குறட்டை நின்றுவிடும், அடுத்த சண்டை மாஸ்க்கால் வரும். மூக்கையும் வாயையும் மூடுகிற பெரிய மாஸ்க் என்றால் முத்தத்துக்கு இடமில்லை, பேச்சு குழறும், பக்கத்தில் படுப்பவர் முகத்தில் காற்று அடிக்கும். தம்பதிகளுக்கு ரெஸ்மெட் ஏர்ஃபிட் பி10 மாதிரியான நேசல் பில்லோ எவ்வளவோ மேல். மூக்குத்துளை வாசலில் பொருந்தும் இரண்டு சிலிகான் மொட்டு, பின்தலையில் ஒரு பட்டை, அவ்வளவுதான். கன்னமும் உதடும் வெளியே இருக்கும். மீசைக்காரர்களுக்கும் லீக் குறைவு.

பெட்டியில் மூன்று அளவு மொட்டு இருக்கும். கடையில் உட்கார்ந்தபடி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். டாக்டர் எழுதிய பிரஷரில் மெஷினை ஓடவிட்டு, இரு பக்கமும் ஒருக்களித்துப் படுத்துப் பாருங்கள். சின்ன அளவு துளைக்குள் நுழைந்து புண்ணாக்கும். முகத்தில் தேங்காய் எண்ணெய் இருந்தால் சிலிகான் வழுக்கி லீக் ஆகும். படுக்குமுன் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும்.

விடுகிற மூச்சு வெளியேறும் இடத்தில் பி10-க்கு மெல்லிய வலை. காற்று சிதறிப் போவதால் சத்தம் குறைவு. அதை அடைத்தால் கரியமில வாயு தேங்கும், போர்வை படக்கூடாது. நனைந்தாலும் சீறும். நம்ம கடற்கரை ஈரத்துக்கு ஹியூமிடிஃபையரை (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) 1, 2 அளவில் வைத்தால் போதும். ஏசி அறையில் ஏற்றி வைத்தால் குழாயில் நீர் கோத்துக்கொள்ளும். உப்புக் கிணற்றுத் தண்ணீர் தொட்டியில் படியும், டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மெஷின் ஃபில்டர் தூசியைப் பிடிக்குமே தவிர வாசத்தைப் பிடிக்காது: தோவாளை பிச்சிப்பூவை மெஷின் பக்கத்தில் வைத்தால் குழாய் வழியே நேராக மூக்குக்கு வரும். சிலருக்கு அது இனிமை, சிலருக்குத் தும்மல்.

மாஸ்க்கை நெருக்கம் முடிந்த பிறகு மாட்டலாம். சிக்கல், அசதியில் மாட்டாமலே தூங்கிவிடுவது. குழாயைக் கட்டில் தலைமாட்டில் மாட்டி, மாஸ்க் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். ராம்ப், அதாவது பிரஷர் மெல்ல ஏறும் நேரம், 45 நிமிடம் என்று வைத்திருந்தால், உடனே தூங்குபவர் அவ்வளவு நேரமும் குறைந்த பிரஷரில் குறட்டை விடுவார். 5 நிமிடமாகக் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சிகிச்சையில்லாத ஸ்லீப் ஆப்னியாவில் ஆசையும் விறைப்பும் குறையலாம். முதல் வாரமே மாறவில்லை என்று மெஷினை மூலையில் போடாதீர்கள். மாதக்கணக்கில் ஒழுங்காகப் போட்டும் மாறாவிட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் விறைப்பு மாத்திரையைத் தொடவே கூடாது.

வாய் திறந்து தூங்குபவருக்கும், எப்போதும் மூக்கடைப்பு உள்ளவருக்கும் நேசல் பில்லோ சரிப்படாது. அவர்கள் பெரிய மாஸ்க்கிலேயே காற்று மேல்நோக்கிப் போகிற மாடலைத் தேடுவது நல்லது.