ஹாரி பாட்டர் ஏழாம் நூலுக்கு முன்பணம் கட்டி 132 பவுண் இழந்தோம்: இணையத்தில் முன்பதிவு செய்வோர் கவனத்துக்கு

இன்று 2007 ஜூலை 27, வெள்ளிக்கிழமை. கடந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்க வேண்டிய பன்னிரண்டு புத்தகங்கள் இதை எழுதும் இந்த நேரம் வரை வரவில்லை. அவற்றுக்காக ஏப்ரல் மாதமே நான் செலுத்திய 132 பவுணும் திரும்பவில்லை. நேற்று மாலை, பணம் வாங்கிய இணையத் தளத்தாரின் தொலைபேசி எண் பாவனையில் இல்லை என்ற அறிவிப்பைக் கேட்டபோது, இனித் திரும்பும் என்ற நம்பிக்கையும் போய்விட்டது. ஆத்திரம் ஆறும் முன்பே எழுதுகிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று விட்டால் நானும் மற்றவர்களைப் போல வெட்கத்தில் பேசாமல் இருந்துவிடுவேன்.

அந்தப் பன்னிரண்டு புத்தகங்களும் லண்டனில் என் மகளோடு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கானவை. 2005 ஜூலை 16 அன்று ஆறாம் நூல் வெளிவந்த நாளிலிருந்து இந்த இரண்டு ஆண்டுகளும் அவர்கள் கூடும் இடமெல்லாம் இதே பேச்சுத்தான். கதையில் வரும் மந்திரப் பள்ளி ஆசிரியர் ஸ்நேப் உண்மையில் யார் பக்கம் நிற்கிறார், லாக்கெட்டுக்குள் கடிதம் வைத்த அந்த ஆர்.ஏ.பி. யார், ஹாரியின் நெற்றித் தழும்பே ஒரு ஹார்க்ரக்ஸாக, அதாவது உயிரின் ஒரு துண்டை ஒளித்துவைக்கும் இடமாக, இருக்குமா என்று வகுப்பு இடைவேளைகளில் அவர்கள் தர்க்கம் செய்ததைப் பார்க்கையில், பெரியவர்கள்கூட ஒரு கதையை இத்தனை கவனமாகப் படிப்பதில்லையே என்று நான் வியந்திருக்கிறேன். அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோர் இறந்தது இறந்ததுதான் என்று எழுத்தாளரே சென்ற ஆண்டு சொல்லிவிட்ட பின்னும், பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அதை ஏற்க மறுத்து, முன் நூல்களிலிருந்து பக்க எண்களோடு சான்று காட்டிக்கொண்டிருந்தான். கடந்த டிசம்பர் 21 அன்று நூலின் தலைப்பு அறிவிக்கப்பட்டதும் அதன் பொருளைத் தேடி அகராதியோடு உட்கார்ந்தார்கள். பிப்ரவரி முதலாம் தேதி வெளியீட்டு நாள் அறிவிக்கப்பட்டதும் என் மகள் சமையலறை நாட்காட்டியில் ஜூலை 21ஐச் சிவப்பு மையால் வட்டமிட்டாள்.

பன்னிரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே வீட்டில், ஒரே நேரத்தில் முதற்பக்கத்தைத் திறக்க வேண்டும் என்பது அவர்கள் தாங்களாகவே எடுத்த முடிவு. எவரும் முந்திப் படித்து முடிவைச் சொல்லிவிடக் கூடாது என்பதே அதன் காரணம். எங்கள் வீடு தெரிவானது. புத்தகங்களை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பை நான் ஏற்றேன். சில பிள்ளைகள் தங்கள் பங்கைச் சில்லறைக் காசாக உறையில் போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது இணையத்தில் புத்தக முன்பதிவு எடுக்கும் ஒரு சிறு தளம். பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. நூலின் அட்டை விலை 17.99 பவுண். அவர்கள் 9.50 பவுண் கேட்டார்கள். பெரிய கடைகளே ஏறத்தாழப் பாதி விலைக்கு முன்பதிவு எடுத்துக்கொண்டிருந்ததால், இது நம்பமுடியாத மலிவாக எனக்குத் தோன்றவில்லை. என்னை இழுத்தது விலையன்று. பன்னிரண்டு பிரதிகளையும் ஒரே பெட்டியில், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பாக, ஆள் மூலம் வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக அவர்கள் சொன்னார்கள். அதற்குப் பிரதி ஒன்றுக்கு 1.50 பவுண் கூடுதல். ஆக ஒரு பிள்ளைக்கு 11 பவுண், மொத்தம் 132 பவுண்.

நான் ஏமாந்த இடம் எதுவென்று இந்த ஆறு நாட்களாக யோசித்துப் பார்த்தேன். அது அந்தத் தொலைபேசி உரையாடல்தான். பணம் கட்டும் முன் ஒருமுறை பேசிப் பார்ப்போம் என்று அழைத்தேன். எடுத்தவர் அவசரப்படாமல் பேசினார். பன்னிரண்டு பிள்ளைகள் என்றதும் மகிழ்ந்தார், அவர்களின் வயதைக் கேட்டார், ஸ்நேப்பைப் பற்றி என் மகள் என்ன நினைக்கிறாள் என்று கேட்டார். அவள் பக்கத்தில் நின்று சொன்ன பதிலை நான் அவரிடம் சொன்னதும், தன் மகனும் அதையே சொல்கிறான் என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துபோனேன். கதையை நேசிப்பவன் அந்தக் கதைக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளை ஏமாற்றமாட்டான் என்று என் மனம் தானாகவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் பிறகு அவர் சொன்ன எதையும் நான் உரசிப் பார்க்கவில்லை. கடனட்டைப் பக்கம் அன்று வேலை செய்யவில்லை, வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்றார். கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லாமல் தனி ஆளின் பெயரில் இருக்கிறதே என்று கேட்டேன். குடும்பமாக நடத்தும் சிறு வணிகம், அதனால் தன் பெயரிலேயே வைத்திருப்பதாகச் சொன்னார். அன்று மாலையே 132 பவுணையும் அனுப்பிவிட்டேன்.

பிறகு மூன்று மாதங்கள். கேட்கும்போதெல்லாம் மரியாதையான பதில் வந்தது. பெட்டி வந்துவிட்டதா, அனுப்பும் ஏற்பாடு எந்த அளவில் இருக்கிறது என்று மே மாதத்தில் கேட்டதற்கு, வெளியீட்டு நேரம் வரை எதையும் வெளியிடக் கூடாது என்று பதிப்பகம் கையெழுத்து வாங்கியிருக்கிறது, அதனால் ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதினார்கள். அந்த நிபந்தனை உண்மையானது. ஜூலை 21 அதிகாலை 12.01க்கு முன் ஒரு பிரதியும் கைமாறக் கூடாது என்று எல்லாக் கடைகளுமே ஒப்பந்தம் செய்திருந்தன. அமெரிக்காவில் அதற்கு முன்பே பிரதிகளை அனுப்பிவிட்ட ஒரு விற்பனையாளர் மீது அங்குள்ள பதிப்பகம் வழக்குப் போட்டது. ஆகவே அவர்கள் வாய் திறக்காததை நான் நேர்மையின் அடையாளமாகவே எடுத்துக்கொண்டேன். முன்பதிவு என்பதே நாள் வரும் வரை பொருளைக் கண்ணால் காணாமல் பணத்தை விட்டுவைப்பது. இந்த நூலிலோ கேள்வி கேட்பதே தவறு என்னும் அளவுக்கு இரகசியம் காக்கப்பட்டது. ஒரு மோசடிக்காரனுக்கு இதைவிட நல்ல மறைவிடம் கிடைக்காது. என் பணம் மூன்று மாதங்கள் அவன் கையில் இருந்தது, நான் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு நூலின் பக்கங்களை யாரோ படம் பிடித்து இணையத்தில் ஏற்றியபோது, பிள்ளைகள் கணினிப் பக்கமே போகாமல் இருந்தார்கள். என் மகள் செய்தி தொடங்கியதும் தொலைக்காட்சியை அணைத்துவிடுவாள். இவ்வளவு கட்டுப்பாட்டோடு காத்திருந்த பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது.

சனிக்கிழமை எட்டரை மணிக்கே பன்னிரண்டு பேரும் எங்கள் வரவேற்பறையில் இருந்தார்கள். ஒன்பது ஆயிற்று, பத்து ஆயிற்று. பத்தரைக்குத் தொலைபேசியை எடுத்தவர், வண்டி புறப்பட்டுவிட்டது, பன்னிரண்டுக்குள் வந்துவிடும் என்றார். பன்னிரண்டரைக்கு அழைத்தபோது நான்கு மணி என்றார். இங்கேதான் அவர் செய்த பெரிய கொடுமை இருக்கிறது. காலையிலேயே இல்லை என்று சொல்லியிருந்தால், நான் அப்போதே கடைத்தெருவுக்கு ஓடி எப்படியாவது பன்னிரண்டு பிரதிகளைச் சேர்த்திருப்பேன். முதல் 24 மணி நேரத்தில் இந்த நாட்டில் மட்டும் 26 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கின்றன. தெருவில் போகிற பிள்ளைகளின் கைகளிலெல்லாம் அந்தப் புத்தகம் இருந்தது. எங்கள் பிள்ளைகள் மட்டும் சன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்கு மேல் எவரும் தொலைபேசியை எடுக்கவில்லை. பிள்ளைகளை அவரவர் வீட்டுக்கு அனுப்பினோம். போகும் வழியில், பேருந்தில் நின்ற இளைஞர்கள் சிலர் கடைசி அத்தியாயத்தில் நடப்பதைச் சத்தம்போட்டுச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் பத்து வயதுச் சிறுவன் அதைக் கேட்டுவிட்டான். அன்றிரவு அவன் அழுததாக அவனுடைய தாய் எனக்குச் சொன்னார். 132 பவுணை என்றாவது ஒரு நாள் நான் திரும்பப் பெறலாம். இதை யார் திருப்பித் தருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை மின்னஞ்சல் ஒன்று வந்தது: வெள்ளத்தில் வண்டி சிக்கிக்கொண்டதாம். வெள்ளிக்கிழமை பெய்த மழையில் டியூக்ஸ்பரி நகரமே நீரால் சூழப்பட்டு, மக்கள் வீடுவாசலை விட்டுத் தவித்துக்கொண்டிருக்கையில், அந்தத் துயரத்தை எடுத்துத் தன் பொய்க்குப் போர்வையாக்க ஒரு மனிதனால் முடிந்திருக்கிறது. சனிக்கிழமை நண்பகல் வரை வண்டி லண்டனுக்குள் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னவரும் இவரேதான். திங்கட்கிழமை கதை மாறியது: இரண்டு வாரங்களுக்கு முன்பு நடந்த தபால் ஊழியர் வேலைநிறுத்தத்தால் பொதிகள் தேங்கிவிட்டன என்றார்கள். ஆள் மூலம் கொண்டுவருவதற்குத்தானே பிரதிக்கு 1.50 பவுண் கூடுதலாக வாங்கினீர்கள் என்று கேட்டு எழுதினேன், அதற்குப் பதிலில்லை. செவ்வாயன்று, தரப்பட்ட நேரம் உத்தேசமானது மட்டுமே என்று நிபந்தனைகளில் இருப்பதாக வேறொரு பெயரில் கையொப்பமிட்ட கடிதம் வந்தது. புதன்கிழமை, பணத்துக்குப் பதிலாக அவர்களிடமே அடுத்த முறை வாங்குவதற்கான பற்றுச்சீட்டுத் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு என் 132 பவுண் வேண்டும் என்று ஒற்றை வரியில் எழுதினேன். வியாழக்கிழமை அந்தத் தொலைபேசி எண்ணே இல்லாமல் போய்விட்டது.

தளத்தில் கொடுத்திருந்த முகவரிக்கு நேரில் போனேன். கட்டணம் வாங்கிக்கொண்டு பிறருக்கு வரும் தபால்களை வாங்கி வைத்துக்கொடுக்கும் ஒரு கடை அது. அங்கிருந்த பெண்மணி மரியாதையாகவே பேசினார். வாடிக்கையாளர் யார் என்று சொல்லத் தனக்கு அனுமதியில்லை என்றார். என் வங்கியோ, நானே விரும்பி அனுப்பிய பணத்தைத் தாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டது. கடனட்டையில் கட்டியிருந்தால் 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75ஆம் பிரிவு காப்பாற்றியிருக்குமா என்று நண்பர் ஒருவரிடம் கேட்டேன். தனிப் பொருள் ஒன்றின் விலை 100 பவுணுக்கு மேல் இருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும், பன்னிரண்டு புத்தகங்களின் கூட்டுத்தொகை கணக்கில் வராது என்று அவர் விளக்கினார். இணையம், தொலைபேசி வழியே விற்பதற்கான 2000ஆம் ஆண்டின் தொலைவிற்பனை விதிகளின்படி, ஒப்புக்கொண்ட காலத்துக்குள் பொருளைத் தராதவர் 30 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். சட்டம் என் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் ஆளைக் காணவில்லை. அரசின் நுகர்வோர் உதவித் தொலைபேசியில் முறையிட்டு எண் பெற்றிருக்கிறேன். வணிகத் தர அதிகாரிகளுக்கு அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள்.

மற்றக் குடும்பங்களுக்கு அவரவர் பங்கை என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். இரண்டு குடும்பத்தினர் வாங்க மறுத்தார்கள், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். பிள்ளைகளின் சில்லறையை என் பொறுப்பில் வாங்கியவன் நான்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை, சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முன்பதிவுக்கு முழுப் பணத்தையும் கேட்பவரிடம் போகாதீர்கள். புத்தகம் அனுப்பும் அன்று பணம் எடுக்கும் கடைகள் இருக்கின்றன. கடனட்டைப் பக்கம் பழுது என்று சொல்லி வங்கிக் கணக்கு எண்ணைத் தந்தால் அத்துடன் நிறுத்திவிடுங்கள், தனி ஆள் பெயரில் கணக்கு இருந்தால் சொல்லவே வேண்டாம். முன்பணம் வாங்குபவர் தன் முகவரியைத் தந்தாக வேண்டும். அந்த முகவரியைப் பணம் கட்டும் முன்பே போய்ப் பாருங்கள், அல்லது அங்கிருப்பவர் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். வெளியீட்டு நாளன்று சொன்ன நேரம் ஒரு மணி தாண்டினாலும் காத்திருக்காமல் கடைக்குப் போய்விடுங்கள்.

இதே தளத்தில் பணம் கட்டியவர்கள் வேறு எவரும் இருந்தால் தயவுசெய்து நீங்களும் நுகர்வோர் உதவித் தொலைபேசியில் முறையிடுங்கள். ஒருவரின் 132 பவுணுக்கு அசையாதவர்கள் பலர் சேர்ந்தால் அசையக்கூடும். இன்று காலை பார்த்தபோதும் அந்தத் தளம் திறந்தே இருந்தது. ஏழு நூல்களும் அடங்கிய பெட்டித் தொகுப்புக்கு முன்பணம் வாங்குவதாக முதற்பக்கத்திலேயே புதிய அறிவிப்புப் போட்டிருக்கிறார்கள்.