எலும்பு முறிந்து ஆறியவர்களுக்கு 'ரீஹாப் பக்கேஜ்': காசு கட்ட முன் இதை வாசியுங்கள்

வன்னிக்குள் இப்போது ஜிம்கள் கூடிவிட்டன. நல்ல விஷயம்தான். ஆனால் சில ஜிம்களின் போர்டில் 'ரீஹாப்' (அடிபட்ட உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பயிற்சி), 'பிசியோ' (இயன்மருத்துவர்) என்ற சொற்களும் ஏறிவிட்டன. கால், முழங்கால், முதுகு அடிபட்டு ஆறிக்கொண்டிருப்பவர்கள் அந்தப் போர்டை நம்பிப் போகமுன் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். பெயர் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

காலபோக அறுவடை நேரம், நெல் மூட்டையோடு வரம்பால் இறங்கும்போது என் இடது பாதம் உள்ளுக்கு மடிந்தது. சின்னவிரலுக்குப் போகும் நீள எலும்பு, அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் முறிந்திருந்தது. டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு 'ஜோன்ஸ் முறிவு' என்றார். ரொபேர்ட் ஜோன்ஸ் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், நடனமாடும்போது முறிந்த தன் காலையும் சேர்த்து 1902இல் எழுதியதால் அந்தப் பெயராம். (அவர் ஆடி முறித்தார், நான் மூட்டை தூக்கி முறித்தேன்.) அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு. அதே எலும்பின் அடிநுனியில் சின்னத் துண்டு கழன்றால் பெரும்பாலும் ஆறு, எட்டுக் கிழமையில் சரியாகிவிடும். இது அப்படியில்லை. பொருந்தப் பிந்தும், சிலவேளை பொருந்தாமலே நிற்கும், ஸ்க்ரூ போடவும் நேரும். எனக்குப் பிளாஸ்டரைக் கழற்றியபோது, அடுத்த எக்ஸ்ரே வரைக்கும் நடக்கலாம், குதிக்கவோ ஓடவோ கூடாது என்று தெளிவாகச் சொன்னார்கள்.

பிளாஸ்டருக்குள் கிடந்த கெண்டைக்கால் நன்றாகச் சூம்பிப் போயிருந்தது. முன்பு ஒழுங்காக வெயிட் தூக்கிய ஆளுக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. புதிதாகத் திறந்த ஜிம் ஒன்று, 'முறிவு, தசைப்பிடிப்புக்கு விசேட ரீஹாப், தகுதி பெற்ற பிசியோ' என்று பேஸ்புக்கில் போட்டிருந்தது. சாதாரண உறுப்பினருக்கு மாதம் மூவாயிரம். ரீஹாப் பக்கேஜ் மூன்று மாதத்துக்கு இருபத்துநாலாயிரம், முழுக்க முன்பணம், ரொக்கமாக.

முதல் நாளே எக்ஸ்ரேயையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். 'பிசியோ' என்று அறிமுகப்படுத்தப்பட்ட பொடியன் உறையைத் திறக்கவே இல்லை. மேசையில் வைத்து, அதன்மேல் தன் தேத்தண்ணிக் கோப்பையையும் வைத்துவிட்டான். எந்த எலும்பு, எப்போது முறிந்தது, ஊன்றச் சொல்லியிருக்கிறார்களா என்று ஒரு கேள்வி கிடையாது. அப்புறம் தசையை அதிரவைத்து இளக்குகிற 'மசாஜ் கன்' ஒன்றை எடுத்து, முறிந்த இடத்திலேயே வைத்து அழுத்தினான். 'எலும்பு கெதியா ஒட்டும் அண்ணை' என்றான். தசைக்கு வைக்கிற சாமானை ஆறாத முறிவின்மேல் வைக்கவே கூடாது என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அடுத்த கிழமை வெயிட் தூக்கும் இரும்புப் பாரைத் தோளில் வைத்து நுனிக்காலில் எழும்பச் சொன்னான். அதற்குப் பிறகு கயிறடித்துக் குதிக்கச் சொன்னான். டொக்டர் குதிக்க வேண்டாம் என்றவர் என்று சொன்னேன். "அவை அப்பிடித்தான் பயப்பிடுத்துவினம் அண்ணை. வலி வந்தாத்தான் பலம் வரும்." வலி வந்தது. பாதத்தின் வெளிப்பக்கம் வீங்கி, செருப்பின் பட்டிக்குள் கால் நுழையவில்லை. திரும்ப எக்ஸ்ரே எடுத்தால், மங்கிக்கொண்டு வந்த முறிவுக்கோடு மறுபடி பளிச்சென்று தெரிகிறது. மறுபடி பிளாஸ்டர், மறுபடி ஊன்றுகோல்.

இதற்கிடையில் 'எலும்புப் பவுடர்' என்று ஒரு டின்னும் விற்றிருந்தார்கள், ஒன்பதாயிரத்து ஐந்நூறு. காலாவதித் திகதி இருக்கிற இடத்தில் ஜிம்மின் ஸ்டிக்கர். என் மகள் நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பார்த்தாள். திகதி எப்போதோ முடிந்திருந்தது.

காசைத் திருப்பிக் கேட்டேன். "கட்டின காசு திரும்பாது, அது ரூல்ஸ்" என்றார் முதலாளி. அந்த ரூல்ஸ் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குத் தந்த துண்டில் ஜிம்மின் பெயர்கூட இல்லை, 'பக்கேஜ்' என்று எழுதி ஒரு கையெழுத்து மட்டும்.

என் கோபம் காசுக்காக மட்டும் இல்லை. அங்கே என்னோடு ஒரு ஐயா வந்துபோனார். 2009இல் போரில் பட்ட எறிகணைத் துண்டு இன்னும் அவர் முழங்காலுக்குக் கீழே கிடக்கிறது. அவருக்கும் அதே மசாஜ் கன், அதே கயிறு. வன்னியில் இப்படிப்பட்ட போர்டு யாரைத் தேடிப் பிடிக்கும் என்று வைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். காயத்தோடு வாழ்கிறவர்கள் இங்கே குறைவா?

இலங்கையில் பிசியோ செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தைக் கேளுங்கள். உண்மையானவர் உடனே சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரியின் இயன்மருத்துவப் பிரிவில் காசே இல்லை, என்ன, வரிசையில் இருக்க வேண்டும். நான் இப்போது அங்கேதான் போகிறேன். அங்கே பிசியோவாக இருக்கும் தங்கச்சி முதலில் செய்தது எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தது. அதற்குப் பிறகு வெயிட்டை அடியோடு விடச் சொல்லவும் இல்லை. இருந்தபடி முழங்காலை நீட்டிப் பாரம் உயர்த்தும் லெக் எக்ஸ்டென்ஷன், மேலே இருக்கும் பாரைக் கீழே இழுக்கும் லாட் புல்டவுன் செய்யலாம். மல்லாந்து படுத்துப் பாரத்தை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் செய்தால் பாதத்தை நிலத்தில் ஊன்றாமல் காலை மடக்கிப் பெஞ்சின்மேல் வைக்க வேண்டும், பாரம் குறைவாக. இடையில் டம்பெல்லையும் பிளேட்டையும் நானே தூக்கிக்கொண்டு நடக்கக் கூடாது, அந்தப் பாரமும் பாதத்தில்தான் இறங்கும் என்றா. எக்ஸ்ரேயில் எலும்பு பொருந்தியது தெரிந்த பிறகுதான் நின்று செய்கிறவை. பிளாஸ்டரில் இருந்த கணுக்கால் இறுகிப் போயிருக்கும், அதை இளக்காமல் ஸ்குவாட் (பாரத்தோடு குந்தி எழும்புவது) போனால் பாரம் மற்றக் காலுக்கும் இடுப்புக்கும் சரியும். முதலில் கதிரையில் இருந்து எழும்புவது, பிறகு வெயிட் போடாத வெறும் பாரோடு ஸ்குவாட். குதிகாலை உயர்த்துவதும் முதலில் இரண்டு காலாலும், கடைசியில்தான் ஒற்றைக் காலால். அடுத்த நாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முதல் நாள் செய்தது அதிகம், குறைக்க வேண்டும்.

முறைப்பாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதலாம், 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காசு கட்டும்போதே பெயர், திகதி, எதற்கு என்று எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள். கேட்டால் தர வேண்டியது அவர்களின் கடமை. காலாவதியான பொருளை விற்பது குற்றம். அதனால் டின்னை எறியாமல், ஸ்டிக்கரோடும் ஸ்டிக்கரைக் கிளப்பியும் படம் எடுத்து வைத்தேன்.

நான் முறைப்பாடு கொடுத்த பிறகு, 'பாதிக் காசு தாறம், பேஸ்புக்கில ஒண்டும் போடாதேங்கோ' என்று ஒரு உறவினர் மூலம் ஆள் விட்டார்கள். பாதி வேண்டாம், முழுக் காசும் பவுடர்க் காசும் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். இதே மாதிரிப் பக்கேஜுக்குக் காசு கட்டியவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். உங்கள் மூன்று மாதம் முடியமுன் கடிதத்தை எழுதித் தருகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.