கோஷர் சான்றிதழ்: மூன்று வருஷ அனுபவம்

திண்டுக்கல் பக்கம் ஒரு கெர்கின் ஏற்றுமதிக் கம்பெனியில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன். வெள்ளரிப் பிஞ்சை வினிகரில் போட்டு, டிரம்மிலும் பாட்டிலிலும் அடைத்து, தூத்துக்குடி வழியாக அமெரிக்கா அனுப்புவோம். வாங்குகிற பார்ட்டி கோஷர், அதாவது யூத மத உணவு விதிப்படி செய்தது என்ற சான்று, கேட்டதால் மூன்று வருஷமாக ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்குகிறோம். பெயர் சொல்லப் போவதில்லை, கீழே கொஞ்சம் திட்டவும் வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்கு ரபி, அதாவது யூத மதகுரு, வருகிறார் என்றதும் எங்கள் முதலாளி தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்து, ரோஜா மாலையும் வாங்கிவிட்டார். மந்திரம் சொல்லி மிஷினில் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போவார் என்று நினைப்பு. கறுப்புக் கோட்டும் தாடியுமாகக் காரிலிருந்து இறங்கியவர், மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "பாய்லர் எங்கே?"

பாய்லரிலிருந்து கிளம்பும் நீராவிக் குழாயை விரலால் தொடாத குறையாகப் பின்தொடர்ந்தார். ஒரு கிளை கேன்டீனுக்குப் போகிறது. இட்லி, சாம்பார், புதன்கிழமை கோழிக்குழம்பு எல்லாம் அந்த நீராவி அண்டாவில்தான். ஆறிய தண்ணீர் திரும்ப பாய்லருக்கே வருகிறது. கோழிக்குழம்பு வெந்த சூட்டின் தண்ணீர் எங்கள் கெர்கின் பாட்டிலைச் சூடாக்கக் கூடாதாம். அந்தத் திரும்பும் குழாயை வெட்டிய பிறகுதான் மேற்கொண்டு பேச்சே. ஐஎஸ்ஓ ஆடிட்டர்கள் எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள், ஒருத்தரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை.

அடுத்து மூலப்பொருள் பட்டியல். வினிகர் திராட்சை மதுவிலிருந்து வந்ததா என்று கேட்டார். கரும்பாலைக் கழிவுப்பாகு ஸ்பிரிட் என்று காகிதம் காட்டினோம், சரி. சதகுப்பை எண்ணெய் கலக்கப் போடும் பாலிசார்பேட் 80-இல் மாட்டினோம். அது தாவரக் கொழுப்பிலும் செய்யலாம், விலங்குக் கொழுப்பிலும் செய்யலாம். விலக்கான பொருள் அறுபதில் ஒரு பங்குக்குக் கீழே கலந்தால் பரவாயில்லை என்று நான் முந்தின நாள் படித்ததை வைத்து, "அறுபதில் ஒரு பங்குக்குக் கம்மிதானே சார், கணக்கில் வராதே?" என்றேன். வாய்விட்டுச் சிரித்தார். தவறி விழுந்தால்தான் அந்தச் சலுகை, தெரிந்தே ஊற்றுகிறவனுக்கு இல்லை. சப்ளையரை மாற்றினோம்.

மதியத்துக்கு நாங்கள் கொடுத்த சாப்பாட்டை அவர் தொடவில்லை. பையிலிருந்து மீன் டின்னும் பிஸ்கட்டும் எடுத்தார். சிறுமலை வாழைப்பழம் மட்டும் தானே உரித்து ஆறு சாப்பிட்டார்.

மதுரை விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் பேச்சு. இந்த வேலைக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு சின்ன யூத ஜெப ஆலயத்தில் பன்னிரண்டு வருஷம் ரபியாம். அப்பா ஹார்டுவேர் கடைக்காரர். பரம்பரைப் பட்டம் எதுவும் கிடையாது, படித்துப் பரீட்சை எழுதித்தான் ரபி ஆக முடியும். இறைச்சியும் பாலும், எது எதில் கலந்தால் என்ன என்பதுதான் அந்தப் பரீட்சையின் பெரும்பகுதி. பாடம் 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்கான் ஆருக் என்ற சட்ட நூல். தொழுகை நடத்த ரபி வேண்டும் என்றே கட்டாயம் இல்லையாம், பத்து ஆண்கள் சேர்ந்தால் போதும். "அப்புறம் உங்களுக்கு என்ன வேலை?" என்றேன். பதின்மூன்று வயசுப் பையனுக்கு யூத வேதமான தோராவை ராகம் போட்டு வாசிக்கச் சொல்லித்தரணும், ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு. வெள்ளிக்கிழமை மதியம் அடுப்படியிலிருந்து போன் வரும்: "பால் கரண்டி கறிச்சட்டியில் விழுந்துட்டுது, கொட்டணுமா?" அந்த அறுபது கணக்கு நிஜத்தில் அங்கேதான் பயன்படுமாம். பிரசங்கம் நீளம் என்று கமிட்டியில் புகார் போனதும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஓட்டெடுத்ததும் தனிக் கதை. நம்மூர் கோயில் கமிட்டியைத் தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

இனி குறை. ரபிகள் தங்கம், ஆபீஸ்தான் மோசம். போன வருஷம் புதுப்பிப்புக் கடிதம் தாமதமாகி ஒரு கன்டெய்னர் துறைமுகத்தில் ஒன்பது நாள் நின்றது. டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் எங்கள் தலையில். பண்டிகை என்று பதில், அதை முன்கூட்டிச் சொல்ல ஒரு மெயில் இல்லை. விமானம், டாக்ஸி, ரூம் செலவும் நம்முடையதே, கொட்டேஷனில் அது பொடி எழுத்தில் இருக்கிறது.

ஆய்வுக்கு ஐந்துக்கு ஐந்து, ஆபீசுக்கு இரண்டு. விண்ணப்பிக்கிறவர்கள் செப்டம்பர், அக்டோபரைத் தவிருங்கள், அவர்கள் புத்தாண்டும் கூடாரப் பண்டிகையும் அந்தச் சமயத்தில்தான். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை போன் எடுக்க மாட்டார்கள். மாலை வேண்டாம், கேன்டீன் குழாயைப் பாருங்கள். வாழைப்பழம் ஒரு சீப்பு வாங்கி வையுங்கள்.