பாட்டிலில் அடைத்த திராட்சை இலையும் கொல்லைக் கொடியின் இலையும்

மெல்போர்னில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கொல்லையில், எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் வைத்துவிட்டுப் போன சுல்தானா திராட்சைக் கொடி ஒன்று பந்தலில் படர்ந்திருக்கிறது. பழம் கனியும் நேரத்தில் பகலில் கிளிகளும் இரவில் போசம் என்னும் மரமேறி விலங்குகளும் பங்கு போட்டுக்கொள்வதால், எங்களுக்கென்று உறுதியாகக் கிடைப்பது இலை மட்டுமே. அந்த இலையில் அரிசிக் கலவையைச் சுருட்டி வேகவைத்து, இலையோடு தின்னலாம் என்பதைக்கூட, பக்கத்து வீட்டு லெபனான் அம்மா வேலியோரம் வந்து நாலு கைப்பிடி பறித்துக்கொள்ளலாமா என்று கேட்ட பிறகுதான் அறிந்தோம்.

குளிர்காலத்தில் கொடி மொட்டையாக நிற்கும். கடந்த ஜூலையில் ஆசை தாளாமல், மத்தியக் கிழக்கு மளிகைக் கடை ஒன்றில் உப்புநீரில் ஊறிய இலை ஒரு பாட்டில் வாங்கினேன். இந்த மதிப்புரை அதைப் பற்றியது. ஆனால் கொல்லை இலையைத் தின்று பழகிய நாக்கோடுதான் எழுதுகிறேன்.

இலைகளைச் சுருட்டுச் சுருட்டாக நூலில் கட்டி, கண்ணாடிக்குள் இறுக்கி அடைத்திருந்தார்கள். முதல் சுருட்டை வெளியே இழுப்பதற்குள் நான்கு இலைகள் கிழிந்தன. எண்ணிப் பார்த்ததில் மொத்தம் 52. அவற்றில் 11 கிழிசல், அவை பாத்திரத்தின் அடியில் பரப்பத்தான் உதவின. உப்பு மிகக் கடுமை. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றிய பிறகும் அரிசியில் உப்பே சேர்க்க வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றையும்விட என்னைச் சலிப்படையச் செய்தது இலையின் முதிர்ச்சி: நடு நரம்பு, வெந்த பிறகும் பல்லில் நார்போலச் சிக்கியது. அளவு மட்டும் ஒரே சீராக இருந்தது. விருந்துக்குத் தட்டில் அடுக்குகிறவர்களுக்கு அது பெரிய வசதி.

கொல்லை இலையின் சுவை வேறு. அக்டோபர் கடைசியிலிருந்து சில வாரங்கள், பூக்கும் காலத்தை ஒட்டி, கொடியின் நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலையாகப் பார்த்துக் கிள்ள வேண்டும். உள்ளங்கை அகலம், இளம்பச்சை, பளபளப்பு: இவைதான் அடையாளம். சுல்தானா இலை மெல்லியது, அடிப்பக்கத்தில் ரோமம் இல்லாதது. பெங்களூர் நீலம் போன்ற வகைகளின் இலைக்கு அடியில் கம்பளிபோல் ரோமம் அடர்ந்திருக்கும், அதை விழுங்குவது கடினம். கொதிக்கும் உப்புநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் போதும், பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு வந்துவிடும். அப்போது வரும் புளிப்பு, இலையிலேயே உள்ள டார்டாரிக் அமிலத்தின் புளிப்பு. பாட்டிலில் இருப்பதோ பெரும்பாலும் சேர்த்த சிட்ரிக் அமிலத்தின் புளிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் கடித்துப் பார்த்தால், புளிச்சக்கீரைக்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் உள்ள தூரம் தெரியும்.

அந்த அம்மா காட்டிய முறை இது. இலையின் நரம்புப் பக்கம் மேலே தெரிய விரித்து, காம்பைக் கிள்ளி எறிந்து, ஊறிய அரிசி, வெங்காயம், புதினா, பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய் கலந்த கலவையைச் சுண்டுவிரல் அளவு வைத்துத் தளர்வாகச் சுருட்ட வேண்டும். இறுக்கினால் அரிசி உப்பி இலை வெடித்துவிடும். நெருக்கமாக அடுக்கி, அவிழாதபடி மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கால் மணி நேரம் சிறுதீயில் வேகவிட வேண்டும். பூவரச இலைக் கொழுக்கட்டையில் இலையை உரித்துப் போடும் நமக்கு, உறையோடு கடிப்பது முதல் தடவை சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கும்.

பழத்துக்காக மருந்து தெளித்த கொடியின் இலையைத் தொட வேண்டாம். சாம்பல்நோய் கண்டு வெண்பொடி படிந்த இலையையும் விட்டுவிடலாம்.

பாட்டிலுக்கு ஐந்தில் இரண்டரை மதிப்பெண் தருவேன். மறுபடி வாங்குவதானால், கண்ணாடி வழியாக நரம்பின் தடிமனைப் பார்த்தே எடுப்பேன். இந்த ஆண்டு அதற்கும் தேவை இராது: முக்கி எடுத்த இலைகளை இருபது இருபதாக அடுக்கி உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். உறைந்த கட்டு முழுதும் இளகிய பிறகே பிரிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்த முதல் கட்டு அப்பளமாக நொறுங்கியது.