போர் தண்ணீருக்கு எது சரி: சாஃப்ட்னரா, ஆர்.ஓ.வா, ஷவர் ஃபில்டரா, மழைநீரா?

பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் வாரத்தில் இரண்டு நாள் வரும். மற்ற நாளெல்லாம் போர் தண்ணீர்தான். கீசர் சூடேற ரொம்ப நேரம் எடுக்கிறதே என்று பிளம்பரைக் கூப்பிட்டோம். அடிமூடியைக் கழற்றி காயிலை இழுத்தார். காயிலே கண்ணுக்குத் தெரியவில்லை, சுற்றிலும் பெருவிரல் தடிமனுக்கு வெள்ளைப் படிவம். தொட்டிக்குள் கையை விட்டு அள்ளினால் முட்டை ஓடு மாதிரி சில்லு சில்லாக வந்துகொண்டே இருந்தது. பழைய பேப்பரில் கொட்டியபோது ஒரு படி தேறும். "அக்கா, புது காயில் போட்டாலும் அடுத்த வருஷம் இதே கதிதான். தண்ணிய சரி பண்ணுங்க" என்றார்.

சுண்ணாம்புச் சத்து மற்ற உப்புகளைப் போல இல்லை. தண்ணீர் சூடாகச் சூடாக அது கரைந்திருக்க முடியாமல் வெளியே வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் வீட்டில் முதலில் அடிவாங்குவது கீசர்.

எதையும் வாங்குவதற்கு முன் தண்ணீரை அளந்து பாருங்கள். டி.டி.எஸ். பேனா போதாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்பும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதை, தனியாகக் காட்டாது. அதை அளக்க சொட்டு கிட் கிடைக்கிறது. சின்ன குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறப்பொடி போட்டால் ஒயின் சிவப்பாகும். பிறகு சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நீலமாக மாறும்வரை எத்தனை சொட்டு என்பதுதான் கணக்கு. எங்கள் போர் தண்ணீர் லிட்டருக்கு 520 மில்லிகிராம் காட்டியது, காவேரி 100. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஏற்கும் அளவு 200. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை.

முதலில் ஷவர் ஃபில்டர். இதை வாங்கவே வேண்டாம். பலவற்றில் இருப்பது கரிதான். குளோரின் வாடையைக் குறைக்கும், சுண்ணாம்பைத் தொடாது. சுண்ணாம்பைப் பிடிக்கும் சின்னச் சின்ன மணிகளான ரெசின் இருந்தாலும், ஒரு லிட்டர் ரெசின் சுமார் 50 கிராம் சுண்ணாம்பைத்தான் பிடிக்கும். ஷவர் குப்பிக்குள் 200 மில்லி ரெசின் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தண்ணீருக்கு ஒரு வாளியோடு அதன் வேலை முடிந்தது. குழாயில் மாட்டும் காந்தமும் அப்படித்தான், மாட்டிய பிறகு அளந்தாலும் அதே 520.

ஆர்.ஓ. உண்மையாகவே சுண்ணாம்பை எடுக்கும், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். ஒரு லிட்டர் கொடுக்க இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளும். அந்தக் கழிவுநீர் போர் தண்ணீரைவிடக் கடினம். தரை துடைத்தால் வெள்ளைக் கோடு விழும், கழிப்பறைக்கு ஊற்றலாம்.

மெய்யான போட்டி சாஃப்ட்னருக்கும் மழை, காவேரிக்கும்தான்.

சாஃப்ட்னர் சுண்ணாம்பையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். ரெசின் நிரம்பியதும் உப்புக் கரைசலால் கழுவ வேண்டும், அதுதான் ரீஜெனரேஷன். துணி மிருதுவாகும், சோப்பு நுரைக்கும், கீசர் பிழைக்கும். பக்கத்து வீட்டு அண்ணன் மாட்டிய மறுநாள் டி.டி.எஸ். பேனாவை முக்கிப் பார்த்துவிட்டு, குறையவே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று கொதித்தார். குறையாது. ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருகிறது, அவ்வளவே. சொட்டு கிட்டில் பார்த்ததும் முதல் சொட்டிலேயே நீலம்.

ஆனால் முழு வீட்டுக்கும் மாட்டச் சொல்லும் விற்பனையாளர் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 25 லிட்டர் ரெசின் 520 அளவுத் தண்ணீரில் சுமார் 2,400 லிட்டருக்குத் தாங்கும். நான்கு பேர் வீட்டில் ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்றால் நாலரை நாள். ஒவ்வொரு முறையும் 3 முதல் 4 கிலோ உப்பு, மாதத்துக்கு ஒரு மூட்டை. கழுவிய உப்புநீர் போகும் இடம் மண்ணும் சாக்கடையும்தான். செடியில் பட்டால் கருகிவிடும். கழிப்பறையில் ஊற்றும் தண்ணீரை எதற்கு மிருதுவாக்க வேண்டும்? அந்த உப்பை மண்ணில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை.

எங்கள் முடிவு: கீசர், வாஷிங் மெஷின் போகும் குழாய்க்கு மட்டும் சாஃப்ட்னர். நாளைக்கு 250 லிட்டர்தான் அதன் வழியே போகிறது. ரீஜெனரேஷன் ஒன்பது பத்து நாளைக்கு ஒருமுறை, உப்பும் பாதிக்கும் கீழே. சமையலறைக் குழாயை விட்டுவிட்டோம். 500 கடினத்தை முழுக்க எடுத்தால் லிட்டருக்கு சுமார் 230 மில்லிகிராம் சோடியம் சேரும், மாமியாருக்கு பிரஷர் இருக்கிறது. போரில் இரும்பு அதிகம் வந்தால் ரெசின் சீக்கிரம் கெடும், அதையும் முன்பே பரிசோதித்துவிடுங்கள்.

காவேரி கிடைக்கிறவர்கள் செய்யும் பெரிய தப்பு, அதை போர் தண்ணீரோடு ஒரே சம்பில் விடுவது. பாதிக்குப் பாதி கலந்தால் எங்கள் கணக்கில் 310. நல்ல தண்ணீரும் போச்சு. தனி டேங்க் வைத்து சமையலுக்கு மட்டும் இழுங்கள். துவரம்பருப்பு காவேரியில் மூன்று விசிலில் குழைகிறது, போர் தண்ணீரில் ஏழு விசில் வைத்தும் தோலாக நிற்கும். 2024 அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டம் தொடங்கியது. நாளைக்கு 77.5 கோடி லிட்டர், 2007-ல் நகரோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக. அந்தப் பக்கம் இருப்பவர்கள் இணைப்பு வாங்கிவிட்டு, பிறகு சாஃப்ட்னரை யோசியுங்கள்.

மழைநீரில் கடினம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில், வருடம் 970 மில்லிமீட்டர் பெய்யும் இந்த ஊரில், வீணாவது போக 70,000 லிட்டர் தேறும். முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மணல் ஃபில்டர் வழியாகத் தொட்டிக்கு விட வேண்டும். சொந்த வீடு என்றால் சாஃப்ட்னருக்கு முன்னால் இதற்குத்தான் காசு போடுவேன். குறை ஒன்றுதான்: தொட்டி எவ்வளவோ அவ்வளவே கைக்கு வரும், ஜனவரி முதல் மார்ச் வரை வானத்தில் ஒன்றுமிருக்காது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு எலுமிச்சை உப்பு போதும். ஒரு லிட்டர் வெந்நீரில் இரண்டு டீஸ்பூன் கரைத்து, ஷவர் முகப்பைக் கழற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் பல்தேய்க்கும் பழைய பிரஷால் தேய்த்தால் அடைத்த ஓட்டையெல்லாம் திறக்கும். கிரானைட், மார்பிள் மேல் மட்டும் பட்டுவிடக் கூடாது. கீசரை வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் பண்ணச் சொல்லி ஓனரிடம் கேளுங்கள். காயில் எரிந்தபின் கேட்பதைவிட, அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே அதை எழுதி வாங்கிவிடுவது நல்லது.